கைக்கேற்ற பிடி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பேத்தி கையில் ஒரு டென்னிஸ் மட்டையோடு வந்து நின்றாள். வயது 12. பள்ளியில் இந்த ஆண்டுதான் டென்னிஸ் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். மட்டை புதிதல்ல. பெங்களூரில் இருக்கும் அவளுடைய பெரியப்பா மகன் ஆடிவிட்டு, கல்லூரியில் சேர்ந்ததும் ஓரங்கட்டி வைத்திருந்தது.

"பிடி எப்படி இருக்கு கண்ணு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு தாத்தா" என்றாள்.

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் இதே தருமபுரியில் ஒரு பெரியவர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார். நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யினால் என் முழங்கை போயிற்று என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அது உண்மைதானா என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மட்டையின் பிடிக்கு உள்ள வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம்மில் பலர் மட்டை என்றால் வலையைத்தான் பார்க்கிறோம், பிடியைப் பார்ப்பதில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். சரித்திர வகுப்பில் எங்களுக்கு அசோகரைவிட முன்னால் அறிமுகமானவர்கள் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள். 1789 ஜூன் 20 என்ற தேதியை மனப்பாடம் செய்யாமல் எங்கள் வகுப்பைத் தாண்ட முடியாது. வெர்சாய் நகரில் மக்கள் பிரதிநிதிகள் கூடும் மண்டபத்தின் கதவு அன்று பூட்டிக் கிடந்தது. அவர்கள் பக்கத்தில் இருந்த ஒரு விளையாட்டுக் கூடத்துக்குள் போய், நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் கிடைக்கும்வரை கலைய மாட்டோம் என்று சபதம் செய்தார்கள். அந்தக் கூடத்தில் ஆடிய ஆட்டத்துக்குப் பெயர் 'ழெ த போம்'. 'போம்' என்றால் உள்ளங்கை. உள்ளங்கை ஆட்டம் என்று பொருள். இன்றைய டென்னிஸின் பாட்டி அதுதான்.

ஏன் உள்ளங்கை ஆட்டம்? ஆரம்பத்தில் மட்டையே கிடையாது. வெறும் கையால் பந்தை அடித்தார்கள். கை வலித்ததால் கையுறை போட்டார்கள். பிறகு கையைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டார்கள். பிறகு சின்ன மரப்பலகை வந்தது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் நரம்பு கட்டிய மட்டை வழக்கத்துக்கு வந்துவிட்டது. மட்டைக்குரிய ராக்கெட் என்ற சொல்லே உள்ளங்கையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று பல அகராதிகள் சொல்கின்றன. (தமிழில் எழுதும்போது இது வானத்தில் ஏவுகிற ராக்கெட்டோடு குழம்பிவிடுகிறது. ஆகவே நான் மட்டை என்றே எழுதுகிறேன்.)

டென்னிஸ் என்ற பெயருக்கும் பிரெஞ்சுதான் மூலம் என்பது பெரும்பாலோர் கருத்து. பந்தைப் போடுகிறவர் எதிராளியைப் பார்த்து 'தெனே' என்று குரல் கொடுப்பாராம். 'இந்தாருங்கள், பிடியுங்கள்' என்று அர்த்தம். ஆக, ஆட்டத்தின் பெயரிலேயே 'பிடி' இருக்கிறது. காரைக்காலில் 'தெனே' என்று சொல்லி வாத்தியார் நோட்டுப் புத்தகத்தை நீட்டியபோதெல்லாம் இது எனக்குத் தெரியாது.

இன்று நாம் ஆடும் புல்தரை டென்னிஸுக்கு 1874இல் வால்டர் விங்ஃபீல்டு என்ற ஆங்கிலேய மேஜர் காப்புரிமை வாங்கினார். வலை, கம்பம், மட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு விற்றார். மூன்றே வருடத்தில், 1877இல், விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தது. அதற்குள் லண்டனோடு நிற்காமல் கப்பலேறி வெள்ளைக்காரர் இருந்த ஊர்களுக்கெல்லாம் டென்னிஸ் போக ஆரம்பித்திருந்தது. நம் பக்கத்தில் கலெக்டர் இருந்த ஊரில் ஒரு கிளப்பும், அந்த கிளப்பில் ஒரு டென்னிஸ் தரையும் இருந்தது அப்படி வந்த வழக்கம்தான்.

அக்காலத்து மட்டை முழுக்க மரம். பிடியும் வெறும் மரம். வழுக்காமல் இருக்க அதில் கீறல் போட்டிருப்பார்கள். தோல் பட்டை சுற்றுவது பின்னால் வந்தது. பிடி உருண்டையாக இராது, எட்டுப் பட்டையாக இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான். காரணம் எளிது. உருண்டையான பிடியில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. பட்டை இருந்தால் கண்ணால் பார்க்காமலே விரல் சொல்லிவிடும்.

நம் நாட்டுக்கு மட்டை செய்து கொடுத்த ஊர் அந்த நாளில் சியால்கோட். பிரிவினையின்போது அங்கிருந்து வந்த கைவினைஞர்கள் ஜலந்தரில் குடியேறித் தொழிலைத் தொடர்ந்தார்கள். இன்றும் விளையாட்டுச் சாமான் என்றால் ஜலந்தரும் மீரட்டும்தான்.

பழைய மர மட்டை யார் வீட்டிலாவது பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கழுத்துப் பக்கத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். 'எல்' என்றால் எடை குறைவு, 'எம்' என்றால் நடுத்தரம், 'ஹெச்' என்றால் கனம். பக்கத்தில் இருக்கும் எண் பிடியின் சுற்றளவு, அங்குலத்தில். இன்றைய மட்டையில் 'எல்3' என்று போட்டிருந்தால் அது எடையைச் சொல்வதில்லை, பிடி மூன்றாம் அளவு என்று மட்டுமே பொருள். பழைய மட்டையில் பழகியவர்கள் இதில் ஏமாறுவது உண்டு.

அளவுக் கணக்கு இதுதான். நாலு அங்குலத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு படிக்கும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஏறும். ஐரோப்பாவில் இதையே 0, 1, 2, 3, 4, 5 என்று சுருக்கிவிட்டார்கள். நாலு அங்குலத்துக்கு மேல் எத்தனை அரைக்கால் என்பதுதான் அந்த எண். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. அந்தக் காலத்து வாய்பாடு படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் மீட்டரும் சென்டிமீட்டரும் படித்தவன். மீட்டர் என்பதே அந்தப் புரட்சியின் பிள்ளை அல்லவா? அங்குலக் கணக்கு எனக்கு வராது. ஆனால் என் அம்மா தருமபுரிப் பக்கத்துக்காரர். கால், அரைக்கால், மாகாணி என்று விரலை மடக்கிக் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கில் சொன்னால் மட்டைப் பிடி எளிதில் விளங்கிவிடும்.

0 என்பது 4 அங்குலம், ஏறக்குறைய 102 மில்லிமீட்டர். 1 என்பது நாலே அரைக்கால், 105 மில்லிமீட்டர். 2 என்பது நாலேகால், 108. 3 என்பது நாலே காலே அரைக்கால், 111. 4 என்பது நாலரை, 114. 5 என்பது நாலரையே அரைக்கால், 117க்குக் கொஞ்சம் மேல். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இரண்டு ஐந்து ரூபாய் நாணயம் தடிமன்கூட இல்லை. ஆனால் கைக்குத் தெரியும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1974இல் தேர்வாணையம் மூலம் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்து, அம்மாவின் ஊரென்று தருமபுரியைக் கேட்டு வாங்கி வந்தேன். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாகி அப்போது ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. எந்த அலுவலகம் என்று வேண்டாம். கிளப் எது என்பதும் வேண்டாம். மாலையில் அதிகாரிகள் டென்னிஸ் ஆடுவார்கள். குமாஸ்தாக்கள் வேலியோரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பந்துச் சத்தம் கேட்போம், அவ்வளவுதான்.

1979 ஜூலையில் ரமேஷ் கிருஷ்ணன் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வென்றார். 1954இல் அதே பட்டத்தை அவருடைய அப்பா ராமநாதன் கிருஷ்ணன் வென்றிருந்தார். அப்பா வென்று சரியாக 25 வருடம் கழித்து மகன். தமிழ்நாடே பேசியது. ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர், தென்காசிப் பக்கத்துக் குடும்பம். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். முதல் வருடம் நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த வருடம் ராட் லேவரிடமும் தோற்றார். இரண்டு வருடமும் அவரைத் தோற்கடித்தவர்தான் கோப்பையை வாங்கினார். 1966இல் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்கு இந்தியாவைக் கொண்டு போனதும் அவர்தான். பலமாக அடிக்கிற ஆட்டம் அல்ல அவருடையது. பந்தைத் தடவிக் கொடுத்து எதிராளியை ஓட வைக்கிற ஆட்டம். அந்தக் குடும்பத்து டென்னிஸ் அனுபவத்தைச் சொல்லிப் பின்னாளில் வந்த ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்பிலும் 'டச்' என்ற சொல்தான் இருக்கிறது. தொடுகை. அது பிடியில் ஆரம்பிக்கிற விஷயம்.

ரமேஷ் அந்த வருடம் பாரிஸிலும் சிறுவர் பட்டம் வாங்கியிருந்தார். பாரிஸ் மைதானத்தின் பெயரை எப்படிச் சொல்வது என்று எங்கள் அதிகாரிகளுக்குள் ஒரு விவாதம். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மூத்த அதிகாரி ஒருவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்ப்பா, நீ பிரெஞ்சு படிச்சவனாமே. இதை எப்படிச் சொல்லணும்?"

"ரோலான் கரோஸ், சார். பிரெஞ்சில கடைசி எழுத்தை வழக்கமா விட்டுடுவாங்க. இதுல மட்டும் 'ஸ்' சொல்லணும். அது ஒரு விமானியோட பெயர். ரெயூனியன் தீவுல பிறந்தவர்."

அவருக்குச் சந்தோஷம். அன்று மாலை இரட்டையர் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. என்னை வரச் சொன்னார். அப்படித்தான் ஒரு குமாஸ்தா வேலிக்கு உள்ளே போனான்.

எனக்கு ஏது மட்டை? கிளப் அலமாரியிலிருந்து அவருடைய பழைய மட்டையை எடுத்துக் கொடுத்தார். ஆறடிக்கு மேல் உயரம் அவர். கை முறம் மாதிரி இருக்கும். மட்டையில் 'எம் 4⅝' என்று இருந்தது. நாலரையே அரைக்கால். என் கை சின்னக் கை. அதைப் பிடித்தால் உலக்கையைப் பிடித்த மாதிரி இருந்தது. விரல் நுனி உள்ளங்கையைத் தொடவே இல்லை.

"பிடி சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு சார்" என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும்? கொடுத்தவர் அதிகாரி. வாங்கியவன் குமாஸ்தா. மேலும் அந்த மட்டை கிளப்பின் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தது. தச்சரிடம் கொடுத்து இழைக்கலாமா என்ற எண்ணம்கூடப் பதிவேட்டை நினைத்ததும் ஓடிப்போயிற்று.

பத்து மாதம் ஆடினேன். 1980 ஜூனில் வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் வலி பிடித்தது. தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. மருத்துவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது டென்னிஸ் எல்போ" என்றார். பெயரைக் கேட்டதுமே குற்றவாளி யார் என்று நான் தீர்ப்பெழுதிவிட்டேன். அந்த மட்டை. அந்த நாலரையே அரைக்கால். அதைக் கொடுத்தவர். கிளப்புக்குப் போவதை நிறுத்தினேன். காரணம் சொல்லவில்லை. அவர் இரண்டு முறை ஆள் விட்டார், நான் போகவில்லை. திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். விடைபெறும் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வலி போக ஒன்றரை வருடம் ஆயிற்று. கோபம் போக வெகுகாலம் ஆயிற்று.

பணி ஓய்வுக்குப் பிறகு, பொழுது போகாமல் இந்த விஷயத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். அப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். பேரன் பேத்திக்கு மட்டை வாங்குகிறவர்களுக்கும் உதவும்.

பிடியை அளக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி அளவுகோல். ஆடுகிற கையை விரித்து வையுங்கள். உள்ளங்கையில் குறுக்கே ஓடும் ரேகைகளில், விரல்களிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ரேகையிலிருந்து மோதிர விரல் நுனி வரை அளக்க வேண்டும். வரும் அளவுதான் பிடியின் சுற்றளவு. ராபர்ட் நிர்ஷல் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் சொன்ன முறை இது. டென்னிஸ் எல்போவுக்கு வைத்தியம் செய்து பெயர் பெற்றவர். இரண்டாவது வழி இன்னும் சுலபம். மட்டையைக் கைகுலுக்குவது போலப் பிடியுங்கள். விரல் நுனிக்கும் உள்ளங்கையின் அடிமேட்டுக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரல் பொருந்தி நிற்க வேண்டும். விரல் நுழைய இடமே இல்லையென்றால் பிடி சிறிது. விரலுக்குப் பிறகும் இடம் மிஞ்சினால் பிடி பெரிது.

பிடி சிறிதானால் மட்டை கையில் திரும்பும், அதைத் தடுக்க இறுக்கிப் பிடிப்போம், முன்கை களைக்கும். பெரிதானால் மணிக்கட்டு சுழலாது, முன்பக்க அடியிலிருந்து பின்பக்க அடிக்குப் பிடியை மாற்றத் திணறுவோம். இரண்டு அளவுக்கு நடுவில் கை வந்தால் சின்னதை வாங்குவதே நல்லது. மேலே ஒரு மெல்லிய ஓவர்கிரிப் சுற்றினால் ஏறக்குறைய அரைப் படி ஏறிவிடும். வியர்வையையும் குடிக்கும். சித்திரை வெயிலில் நம் ஊரில் அது இல்லாமல் ஆடவே முடியாது. பெரியதைச் சின்னதாக்குவதுதான் கடினம். இழைத்தால் எட்டுப் பட்டையும் சிதைந்துவிடும். இப்போதைய மட்டையில் இழைக்க மரமும் இல்லை.

இதில் சட்டம் எதுவும் இல்லை என்பது வேடிக்கை. மட்டையின் நீளம் 29 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, முகம் இன்ன அகலத்துக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் சர்வதேச விதி இருக்கிறது. பிடி எவ்வளவு பருமன் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதைக் கைக்கே விட்டுவிட்டார்கள். மர மட்டைக் காலத்தில் ஆண்பிள்ளை என்றால் நாலரைக்கு மேல் என்று ஒரு நினைப்பு இருந்தது. இன்று அப்படியில்லை. 2008இல் சென்னை ஓப்பன் இறுதி ஆட்டத்தில் நாம் பார்த்த ரஃபேல் நடால் பிடித்தது இரண்டாம் அளவு, நாலேகால். அந்தப் புஜத்துக்கு நாலேகால்! பந்தைச் சுழற்றி அடிக்கிற ஆட்டத்துக்குச் சின்னப் பிடி தோது.

நம் பக்கத்து உழவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மண்வெட்டிக்குப் பிடி போடுகிறவர், வாங்குகிறவரைப் பிடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் சீவுவார். அதியமானின் தகடூர் அல்லவா இது? அவனுடைய ஆயுதங்கள் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாக ஔவையார் தொண்டைமானிடம் சொன்னது புறநானூற்றில் வருகிறது. புழங்குகிற ஆயுதத்தின் காம்பு அப்படித்தான் இருக்கும். கையோடு பழகும், தேயும், மாற்றப்படும். அலமாரியில் இருப்பதற்கு அந்தக் கவலை இல்லை.

ஆராய்ச்சியில் இரண்டு விஷயங்கள் என் தீர்ப்பை அசைத்தன.

முதலாவது, 2006இல் ஓர் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான ஆய்வு. கல்லூரி அளவில் ஆடும் 16 பேரிடம் மூன்று மட்டைகளைக் கொடுத்தார்கள். ஒன்று நிர்ஷல் அளவு. ஒன்று அதைவிடக் கால் அங்குலம் சிறியது. ஒன்று கால் அங்குலம் பெரியது. ஒற்றைக் கையால் பின்பக்க அடி அடிக்கச் சொல்லி, முன்கைத் தசைகளின் வேலையைக் கருவி வைத்து அளந்தார்கள். மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, பிடியின் அளவு ஒன்றினாலேயே முழங்கை கெடுகிறது என்று நம்பியதற்கு ஆதாரம் போதவில்லை. வசதியாக இருக்கிறதா என்று ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. டென்னிஸ் எல்போ என்ற நோயை மருத்துவ உலகில் முதலில் விவரித்தவர் ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர். ஆண்டு 1873. விங்ஃபீல்டு காப்புரிமை வாங்குவதற்கு முந்திய வருடம்! புல்தரை டென்னிஸ் கடைக்கு வருவதற்கு முன்பே அந்த நோய் வந்துவிட்டது. அவர் எதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார் தெரியுமா? எழுதுகிறவர்களுக்குக் கையில் வரும் இழுப்பு நோயைப் பற்றி. பேனா பிடிக்கிற கையைப் பற்றி. டென்னிஸ் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது பத்து வருடம் கழித்து, 1882, 1883இல் லண்டன் மருத்துவ இதழ்களில். இன்றும் இந்த வலியோடு மருத்துவரிடம் போகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை.

என் பழைய நாட்குறிப்புகளை நான் எறிவதில்லை. 1980ஆம் ஆண்டுக்குரியதை எடுத்துப் பார்த்தேன். ஜூன் மாதம் ஜமாபந்தி. கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் காலம். வருவாய்த் துறையில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாலு கார்பன் வைத்து, கடைசி நகலிலும் எழுத்து விழ வேண்டும் என்று பால்பாயிண்ட் பேனாவை அமுக்கி அமுக்கி எழுதுவோம். 'இரவு 10 வரை நகல்' என்று ஐந்து நாள் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். ஆறாம் நாள், 'கை வலி, செம்பு தூக்க முடியவில்லை.' அந்தப் பதினைந்து நாளும் அதிகாரிகள் தாலுகா தாலுகாவாகப் போயிருந்தார்கள். கிளப்பில் ஆட்டமே இல்லை. நான் மட்டையைத் தொடவே இல்லை.

நாட்குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மட்டை முழு நிரபராதி என்று சொல்ல மாட்டேன். என் கையை அளந்தால் 108 மில்லிமீட்டர், நாலேகால். அந்த மட்டை மூன்று படி பெரியது. ஆய்வில் பார்த்ததோ இரண்டு படி வரைதான். பத்து மாதம் உலக்கையைப் பிடித்ததில் கை ஏற்கெனவே களைத்திருக்கலாம். ஆனாலும் சந்தேகத்தின் பலனை அந்த அதிகாரிக்குத் தந்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியமாக, அவர் கேட்டார். "பிடி சரியா இருக்கா?" என்று வாயைத் திறந்து கேட்டார். எத்தனை அதிகாரிகள் குமாஸ்தாவிடம் அப்படிக் கேட்டிருப்பார்கள்? இல்லை என்று நான் சொல்லியிருந்தால் வேறு மட்டை தேடியிருப்பார். சொல்லாதவன் நான்.

பேத்திக்கு வருகிறேன். "நல்லா இருக்கு" என்ற பதிலை நான் ஏற்கவில்லை. கையை நீட்டச் சொல்லி, அவளுடைய ஜாமெட்ரி பெட்டியிலிருந்த அளவுகோலால் அளந்தேன். 104 மில்லிமீட்டர். ஒன்றாம் அளவு. பெரியப்பா மகனின் மட்டை மூன்று. பிடிக்கச் சொல்லி என் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தேன். விரல் போய், இன்னும் பாதி விரலுக்கு இடம் இருந்தது.

"பெருசா இருக்கே, ஏன் சொல்லல?"

"கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க தாத்தா."

நல்ல வளர்ப்புதான். என் அம்மாவும் அதைத்தான் சொல்லி வளர்த்தார். ஆனால் கைக்கு அது பொருந்தாது என்று அவளிடம் சொன்னேன். நன்றி வாய்க்கு, அளவு கைக்கு. மறுவாரம் சேலம் போய், கடையில் நாலைந்து மட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, ஒன்றாம் அளவில் எடை குறைந்த ஒன்றை வாங்கினோம். கடைக்காரர் சலித்துக்கொள்ளவில்லை. பழைய மட்டையைத் துடைத்து உறையில் போட்டு, நன்றி எழுதி பெங்களூருக்கே திருப்பி அனுப்பினாள்.

அந்த அதிகாரி இருந்தால் இப்போது தொண்ணூறைத் தாண்டியிருப்பார். எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் ஒரு கடிதம் எழுத வேண்டும். கார்பன் இல்லாமல், அழுத்தாமல். அதுவரை என்னிடம் இருக்கும் இந்தக் கோப்பில் பழைய குறிப்பை அடித்துவிட்டு இப்படித் திருத்தி வைக்கிறேன்: மட்டையின் பிடி பெரிது. கொடுத்தவர் கேட்டார். வாங்கியவர் சொல்லவில்லை.